சித்திரம் உண்டு, சுவர் எங்கே?

*28 ஆண்டுகள் கழித்து வந்த தொடர்ச்சிப் படம் 'ட்ரான்: லெகஸி'. ஒளியினால் ஒரு நகரத்தையே கட்டி முடித்தவர்களால், அந்த நகரத்தில் ஒரு கதையைக் குடியேற்ற முடியாமற் போனது ஏன்?*

2010-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவில் வெளியான 'ட்ரான்: லெகஸி' என்னும் திரைப்படத்தைப் பார்ப்பதற்காகக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு, படம் தொடங்கும் முன்பே திரையில் ஓர் அறிவிப்புக் காட்டப்பட்டது. முப்பரிமாணப் படமாகிய இதில் சில பகுதிகள் டைரக்டரின் விருப்பப்படியே இரு பரிமாணத்தில் எடுக்கப்பட்டவை என்றும், ஆகையால் இடையில் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டாம் என்றும் அது கேட்டுக்கொண்டது. நாம் வாழும் உலகம் தட்டையாகவும், கணினிக்குள்ளே இருக்கும் கற்பனை உலகம் ஆழமும் விஸ்தாரமும் கொண்டதாகவும் தோன்றவேண்டும் என்பது டைரக்டர் ஜோஸப் கோஸின்ஸ்கியின் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது, கட்டடங்களுக்கும் வாகனங்களுக்கும் அவ்வளவு தாராளமாக வாய்த்த ஆழம், அவற்றின் நடுவே நடமாடிய பாத்திரங்களுக்கு மட்டும் வாய்க்காமற் போயிற்றே என்ற எண்ணம் எழாமல் இருப்பதில்லை.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம்மவர் பழமொழி. திரைப்படத்துக்குக் கதையே சுவர். காட்சிச் சிறப்பு மிகுந்த விஞ்ஞானப் படம் ஒன்று கதையில் சோர்ந்துவிட்டால், வர்ணத்தில் வைத்த கவனத்தைச் சுவரில் வைக்கவில்லை என்று ஒரு வரியில் தீர்ப்புக் கூறிவிட்டு எழுந்து போவது விமரிசகர்களுக்கு வழக்கமாகிவிட்டது. அந்தத் தீர்ப்பில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால், காட்சி பெருத்ததனால் கதை இளைத்தது என்று அதற்குப் பொருள் கொண்டால் அது பிசகு. இதே படத்தில் காட்சி மிகவும் பிரம்மாண்டமாக இருக்கும் இடத்திலேதான் கதையும் மிகவும் உயிரோடு இருக்கிறது. பின் எங்கே பிசகு நேர்ந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

ஏழ்மையில் பிறந்த உலகம்

ஸ்டீவன் லிஸ்பெர்கர் என்ற அமெரிக்க அனிமேஷன் கலைஞர், 1970-களின் நடுவில், 'பாங்' என்னும் விளையாட்டைப் பார்த்தார். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் துள்ளிக்கொண்டிருக்கும், விளையாட்டு அவ்வளவுதான். நமக்கெல்லாம் புள்ளியாகத் தோன்றியது அவருக்கு ஒரு தேசமாகத் தோன்றியது. அந்தத் தேசத்துக்குப் பிரஜைகளையும் கொடுங்கோலனையும் மதத்தையும் சிருஷ்டித்து, வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் ஆதரவில், 1982-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 'ட்ரான்' என்ற படமாக வெளியிட்டார்.

இன்று கைப்பேசியில் குழந்தைகள் செய்யும் வித்தைகளை அன்று செய்வதற்குக்கூடக் கணினிகளுக்குச் சக்தி இல்லை. அசையும் காட்சியைக் கணினி தானாகக் கணித்துக் கொடுக்காது. ஒவ்வொரு படச்சட்டத்திலும் எந்த வாகனம் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் நிற்கவேண்டும் என்று மனிதர்கள் கணக்கிட்டு எண்களாக எழுதிக் கொடுக்கவேண்டும். இந்தப் பிரயாசையில் நான்கு நிறுவனங்கள் பங்கு கொண்டன. நடிகர்களின் உடையில் மின்னிய ஒளிக்கோடுகளோ கணினியின் வேலையே அல்ல. கறுப்பு வெள்ளையில் 65 மில்லிமீட்டர் பிலிமில் படமாக்கி, ஒவ்வொரு சட்டத்தையும் பெரிதாக அச்செடுத்து, பின்னாலிருந்து ஒளி பாய்ச்சி, வர்ணம் சேர்த்து உண்டாக்கிய கைவேலை. ஒளி வாகனங்களுக்கு உருவம் தந்தவர் ஸிட் மீட். உடைகளுக்கும் வேறு பல அமைப்புக்களுக்கும் உருவம் தந்தவர் மோபியஸ் என்ற புனைபெயரில் பிரஸித்தி பெற்ற பிரெஞ்சுச் சித்திரக்காரர்.

கதையும் எளியதே. என்காம் என்ற கம்பெனியில் தன் விளையாட்டுக்களைத் திருட்டுக் கொடுத்துவிட்டு நியாயம் தேடும் கெவின் ஃப்ளின் என்பவன், ஒரு லேஸர் கதிரால் கணினிக்குள்ளேயே இழுக்கப்படுகிறான். அங்கே புரோகிராம்களெல்லாம் தங்களை எழுதியவர்களின் முகத்தோடு உலவுகின்றன. 'பயனாளர்' என்ற ஒருவர் தம்மைப் படைத்திருக்கிறார் என்று அவற்றில் சில விசுவாசத்தோடு நம்புகின்றன. அந்த விசுவாசத்தை மூடநம்பிக்கை என்று பரிகசித்து, நம்புகிறவர்களைப் பிடித்து மரண விளையாட்டில் தள்ளுகிறது அங்கே ஆட்சி செய்யும் தலைமைப் புரோகிராம். தெய்வமென்று நம்பப்பட்ட இனத்தைச் சேர்ந்த ஃப்ளின், தெய்வங்களுக்கும் தாம் செய்வது இன்னதென்று நிச்சயமாகத் தெரியாது என்று அந்த ஜீவன்களிடம் சொல்லிச் சிரிக்கும் ஓர் இடம் இருக்கிறது. ஏழ்மையான அந்தப் படத்தின் பொக்கிஷம் அதுதான். படைத்தவனை நம்பலாமா என்ற பழம்பெரும் கேள்வியை, விளையாட்டுப் பொம்மையின் வாயால் கேட்டதனால்தான், வசூலில் சாதாரணமாகவே போன 'ட்ரான்' ரஸிகர்களின் ஞாபகத்தில் கால் நூற்றாண்டு காலம் தங்கியிருந்தது.

ஒளியே ஆடை, ஒளியே தரை

கோஸின்ஸ்கி ஸ்டான்ஃபோர்டில் இயந்திரப் பொறியியலும், கொலம்பியாவில் கட்டடக் கலையும் பயின்றவர். விளம்பரப் படங்கள் எடுத்துப் பெயர் வாங்கியவர். முழுநீளப் படம் எடுப்பது இதுவே முதல் தடவை. 2008-ஆம் ஆண்டு ஸான் டியேகோ நகரில் நடக்கும் காமிக்-கான் திருவிழாவில், ஒளி வாகனங்கள் மோதும் ஒரு சிறு சோதனைத் துண்டை முன்னறிவிப்பு ஏதுமின்றித் திரையிட்டார்கள். கூடியிருந்த ரஸிகர்கள் எழுப்பிய ஆரவாரம் முதலாளிகளின் காதில் இனிமையாக விழுந்தது; படமும் உறுதியாயிற்று. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அன்று கைதட்டல் வாங்கியது ஒரு தோற்றம். ஒரு கதை அல்ல. திரைக்கதை எழுதுகிறவர்கள் வேறொரு பக்கத்தில் உழைத்துக்கொண்டிருந்தார்கள் என்றாலும், கல்யாணம் நிச்சயமானது பெண்ணின் புகைப்படத்தைப் பார்த்துத்தான்.

அந்தப் புகைப்படம் பொய் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சூரியன் இல்லாத ஓர் உலகத்தில் வெளிச்சம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியைக் கட்டடக் கலைஞரின் சிரத்தையோடு கோஸின்ஸ்கியும், காட்சி அமைப்பாளர் டேரன் கில்ஃபோர்டும், ஒளிப்பதிவாளர் கிளாடியோ மிராண்டாவும் கேட்டுக்கொண்டு, தரையிலிருந்தும் சுவரின் ஓரத்திலிருந்தும் உடையின் மடிப்பிலிருந்தும்தான் வரவேண்டும் என்று விடை கண்டார்கள். நடிகர்களின் உடையில் மெல்லிய மின்னொளிப் பட்டைகளை மெய்யாகவே பொருத்தினார்கள். ஆகையால் ஒருவன் திரும்பும்போது அவன் தோளில் எரியும் வெண்ணீல ஒளி பக்கத்தில் நிற்பவளின் கன்னத்தில் படிந்து விலகுகிறது. வரைந்து சேர்த்த ஒளிக்கு வராத நேர்மை அது. பளபளக்கும் கருங்கண்ணாடித் தரை, இடைவிடாது மின்னும் மேகக்கூட்டம், நல்லவர்க்கு வெண்ணீலம், பகைவர்க்குச் செம்மஞ்சள் என்று பார்த்த மாத்திரத்தில் விளங்கும் வர்ண பாஷை எல்லாம் சேர்ந்து, ஒரே சிற்பியின் கையில் பிறந்ததுபோல் அந்த நகரம் நிற்கிறது.

சங்கீதமோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு இரட்டையர், 85 வாத்தியக்காரர்கள் கொண்ட இசைக்குழுவை லண்டனில் கூட்டி, தந்தி வாத்தியங்களின் சோகத்தையும் மின்னணு ஒலியின் அதிர்வையும் ஒன்றாகக் குழைத்தார்கள். வசனம் சொல்லத் தவறிய துக்கத்தைப் பல இடங்களில் இந்த இசைதான் சொல்லிப் பூர்த்தி செய்கிறது.

விதி தெரிந்த வரையில்

ஃப்ளினின் மகன் ஸாம். 1989-இல் தந்தை ஒரு நாள் இரவு மறைந்துபோகிறார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, துண்டிக்கப்பட்டுவிட்ட அவருடைய தொலைபேசி எண்ணிலிருந்து, அவருடைய பழைய நண்பர் ஆலன் பிராட்லிக்கு ஒரு செய்தி வருகிறது. தூசித் துணி போர்த்திய விளையாட்டு இயந்திரங்கள் நிரம்பிய பழைய கூடத்தை ஸாம் திறந்து மின்சாரத்தைப் போடுகிறான்; இருபது ஆண்டுகள் உறங்கிய விளக்குகளும் பாட்டும் ஒருசேர விழித்துக்கொள்கின்றன. 'ட்ரான்' என்று எழுதிய இயந்திரத்தில் அவன் போட்ட நாணயம் கீழே விழுகிறது. எடுக்கக் குனிகிறவன், அந்த இயந்திரத்தை யாரோ அடிக்கடி நகர்த்தியதனால் தரையில் வளைவாக விழுந்திருக்கும் கீறல்களைக் காண்கிறான். அதன் பின்னால் ஒரு ரகசிய வழி. பேச்சில்லாமல், கீறல் ஒன்றையே கொண்டு, தந்தை அந்த இடத்துக்கு எத்தனை இரவுகள் வந்து போயிருக்கவேண்டும் என்பதைச் சொல்லிவிடும் இந்தக் காட்சியை எடுத்தவர்களுக்குக் கதை சொல்லத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

அடுத்த அரைமணி நேரமும் அப்படியே. கணினி உலகத்துக்குள் விழும் ஸாம், முதலில் எறிவட்டுப் போருக்கும் பிறகு ஒளி வாகனப் போட்டிக்கும் இழுத்துச் செல்லப்படுகிறான். 1982-இல் இந்த வாகனங்கள் செங்கோணத்தில் மட்டுமே திரும்பின. இப்போதோ கண்ணாடித் தளங்களின் மேலும் கீழும் வளைந்து நெளிந்து, பட்டுத்துணியை உதறினாற்போல் ஒளிச்சுவரைப் பின்னால் விட்டுக்கொண்டு பறக்கின்றன. கண்ணுக்கு விருந்து என்றால் இதுதான் விருந்து. ஆனால் நாம் நாற்காலியின் விளிம்புக்கு வருவது அழகினால் மட்டும் அல்ல. சுவரில் மோதினவன் பொடிப்பொடியாக உதிர்ந்துபோவான் என்ற விதி இரண்டு விநாடியில் நமக்குத் தெரிந்துவிடுகிறது. விதி தெரிந்ததும் கவலை பிறக்கிறது. கவலை பிறந்ததும் ஒளிக்கோடு ஒவ்வொன்றும் உயிர்க்கோடாக மாறிவிடுகிறது. வியப்பு கண்ணைத் திறக்கவைக்கும். கடைசி வரை உட்காரவைப்பது கவலைதான்.

அந்த அரங்கத்தை விட்டு வெளியேறிய பிறகு, கதைக்கு விதியே இல்லாமற் போய்விடுகிறது. ஃப்ளின் தன் சாயலில் படைத்த க்ளூ என்ற புரோகிராம் ஆட்சியைப் பறித்துக்கொண்டது. இப்போது ஃப்ளினின் எறிவட்டைக் கைப்பற்றி, ஒரு சேனையோடு நம் உலகத்துக்குள் படையெடுக்கப் போகிறது. வெறும் எண்களால் ஆன அந்தச் சேனை வெளியே வந்தால் எந்த உடம்போடு வரும், இங்கே அதனால் என்ன செய்ய முடியும் என்பதைப் படம் விளக்குவதில்லை. எல்லாம் படைத்த ஃப்ளினுக்கு எவ்வளவு சக்தி உண்டு, எவ்வளவு இல்லை என்பதும் தெளிவில்லை. சில சமயம் தரையைத் தொட்டு நகரத்தின் ஒளியையே அசைக்கிறார். சில சமயம் கைகட்டி நிற்கிறார். முடிவில் க்ளூவைத் தன்னோடு ஐக்கியப்படுத்திக்கொண்டு பிரளயம்போல் யாவற்றையும் அழிக்கிறார். உயிர்த்தியாகம்தான், இருந்தாலும், இப்படி ஒரு வழி இருக்கிறது என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் அல்லவா, அந்த வழியை அவர் நாடிவிடுவாரோ என்று நாம் அஞ்சியிருப்போம்? எதுவும் நடக்கலாம் என்ற இடத்தில், எது நடந்தாலும் ஒன்றுதான்.

படத்துக்குப் பெயர் கொடுத்த ட்ரானுக்கு நேர்ந்த கதி இன்னும் பரிதாபம். முதற் படத்தில் பயனாளர்களுக்காகப் போரிட்ட அந்த வீரன், இதில் க்ளூவின் அடியாள் ரின்ஸ்லராக, முகம் தெரியாத தலைக்கவசத்துக்குள் உறுமிக்கொண்டு திரிகிறான். கடைசிச் சண்டையில், காரணம் இன்னதென்று காட்டாமலே, திடீரென்று பழைய ஞாபகம் வந்து க்ளூவின் மேல் பாய்கிறான். தோற்றுக் கடலில் விழுகிறான். ஒரு காவியத்துக்குப் போதுமான மனமாற்றம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. தொடக்கத்தில், முதற் படத்தில் ஃப்ளினின் விளையாட்டுக்களைத் திருடிய வில்லனின் மகனாகச் சிலியன் மர்ஃபி வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார். அடுத்த படத்துக்கு முன்பதிவு செய்துவைத்த நாற்காலி அது. அந்தப் படத்தில் அவர் வரவில்லை.

இளமையின் முகமூடி

க்ளூவுக்கு முதுமை கிடையாது. ஆகையால் அறுபது வயதான ஜெஃப் பிரிட்ஜஸின் முகத்தை முப்பத்தைந்து வயது முகமாக ஆக்கவேண்டியிருந்தது. 'பெஞ்சமின் பட்டன்' படத்தில் பிராட் பிட்டை முதியவராக்கிய எரிக் பார்பாவும் டிஜிட்டல் டொமைன் நிறுவனமும் இந்த எதிர்ப்பணியை ஏற்றுக்கொண்டார்கள். க்ளூ என்ற நகலுக்கு, மெழுகு பூசினாற்போன்ற அந்த முகம் ஒருவிதத்தில் பொருத்தமே. உயிரற்றவன் உயிரற்றவனாகத் தோன்றுவதில் என்ன குற்றம்? ஆனால் படத்தின் முதற் காட்சியில், 1989-இல், ரத்தமும் சதையுமான ஃப்ளின் தம் சிறு மகனைப் படுக்கவைத்துக் கதை சொல்லும்போதும் அதே முகந்தான் வருகிறது. காமிரா அவர் முதுகுப் பக்கமும் நிழலிலும் எவ்வளவோ சாமர்த்தியமாக ஒதுங்குகிறது. திரும்பிய உடனே உதட்டின் அசைவு காட்டிக் கொடுத்துவிடுகிறது. மகன் இருபது ஆண்டுகளாக ஏங்கும் தந்தையின் அன்பை நாம் காணவேண்டிய ஒரே சந்தர்ப்பத்தில், நாம் காண்பது ஒரு முகமூடியை. காட்சி வித்தை கதைக்குக் குறுக்கே நின்ற இடம் படம் முழுவதிலும் உண்டென்றால், அது இதுதான்.

ஆஸ்கார் பரிசுக்கு இந்தப் படம் பெற்ற ஒரே நியமனம் ஒலித் தொகுப்புக்காக என்பதும், காட்சி வித்தைக்கான ஐந்து நியமனங்களில் இதற்கு இடம் கிடைக்கவில்லை என்பதும் விதியின் விளையாட்டு. 1982-இல் முதற் படத்துக்கும் அதே அநீதி நேர்ந்தது. குடும்ப வழக்கம் போலும்!

சொல்லாமல் விட்ட கதை

இத்தனைக்கும் நடுவே, ஓர் அற்புதமான கருத்து கேட்பாரற்றுக் கிடக்கிறது. ஃப்ளின் எழுதாமல், யாருமே எழுதாமல், அந்த உலகத்தில் தாமாகவே சில ஜீவன்கள் தோன்றுகின்றன. அவற்றுக்கு 'ஐஸோ' என்று பெயர். குறையற்ற உலகத்தை அமைக்கவேண்டும் என்று ஃப்ளின் இட்ட கட்டளையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றும் க்ளூவுக்கு, கணக்கில் வராத அந்த ஜீவன்கள் களையாகத் தோன்றுகின்றன; பூண்டோடு அழித்துவிடுகிறான். படைத்தவனை நம்பலாமா என்ற முதற் படத்தின் கேள்விக்கு இயற்கையான அடுத்த கேள்வி இதுதான்: படைத்தவன் இட்ட கட்டளையே பாபமாக முடிந்தால், அந்தப் பாபம் யாரைச் சேரும்? இதை வைத்து ஒரு பெரிய படம் எடுத்திருக்கலாம். நமக்குக் கிடைப்பதோ, ஃப்ளின் உட்கார்ந்துகொண்டு சொல்லும் சில நிமிஷத்துப் பழங்கதை.

அழிவில் தப்பிய ஒரே ஐஸோ குவோரா. ஒலிவியா வைல்ட் நடித்த இந்தப் பெண், ஒளித்தரை பரப்பிய ஃப்ளினின் மறைவிடத்தில் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். அவற்றில் தனக்குப் பிடித்தவர் ஜூல்ஸ் வெர்ன் என்று ஸாமிடம் சொல்லிவிட்டு, அவரைத் தெரியுமா, எப்படிப்பட்டவர் என்று ஆவலோடு கேட்கிறாள். நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர்போல் விசாரிக்கும் அந்த ஒரு கேள்வியில், புத்தகங்களின் வழியாக மட்டுமே மனிதரை அறிந்த ஓர் ஆத்மாவின் தனிமை முழுவதும் வந்துவிடுகிறது. அதற்கு ஒரு கோடி டாலர் செலவு செய்யத் தேவையிருக்கவில்லை.

அதே கை, வேறொரு சுவர்

படத்துக்குச் சுமார் 17 கோடி டாலர் செலவாயிற்று. உலகெங்கும் சுமார் 40 கோடி டாலர் வசூலாயிற்று. நஷ்டம் என்று சொல்ல முடியாது. வெற்றி என்று கொண்டாடவும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே கோஸின்ஸ்கி, அதே கிளாடியோ மிராண்டாவை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய அதே செலவில், இன்னொரு தொடர்ச்சிப் படம் எடுத்தார். அது 1986-இல் வந்த படத்துக்கு 36 ஆண்டுகள் கழித்துப் பிறந்த 'டாப் கன்: மேவரிக்'. விஞ்ஞானப் புனைவு இல்லை என்றாலும் இதிலும் பறிகொடுத்த தந்தை, ஏங்கும் மகன், குற்றவுணர்ச்சி கொண்ட மூத்தவர் என்ற அதே சாமான்கள்தான். கதையும் அப்படியொன்றும் ஆழமானதல்ல. ஆனால் அது சுமார் 149 கோடி டாலர் வசூலித்தது. ஆறு ஆஸ்கார் நியமனங்கள் பெற்றது. அவற்றில் ஒன்று, வியப்பாக, திரைக்கதைக்கு.

வித்தியாசம் எங்கே? மலையிடுக்கு வழியாகத் தாழப் பறக்கவேண்டும். இரண்டரை நிமிஷத்தில் இலக்கை அடையவேண்டும். அடைந்ததும், உடம்பு தாங்குமோ தாங்காதோ என்னும்படி செங்குத்தாக ஏறவேண்டும். இந்த விதிகளைப் படத்தின் பெரும்பகுதி நமக்குப் பாடம் நடத்துவதுபோல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பயிற்சியில் ஒவ்வொருவராகத் தோற்பதையும் காட்டுகிறது. ஆகவே கடைசியில் விமானங்கள் புறப்படும்போது நாம் வேடிக்கை பார்க்கிறவர்களாக இல்லை. தேர்வுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு வாசலில் நிற்கிற பெற்றோர்களாக ஆகிவிடுகிறோம். ஒளி வாகனப் போட்டியில் இரண்டு விநாடியில் செய்ததை, இங்கே அந்த டைரக்டர் இரண்டு மணி நேரத்துக்கும் விரித்துச் செய்துவிட்டார்.

ட்ரானின் மூன்றாம் படம் 'ட்ரான்: ஏரீஸ்' 2025-இல் வந்தது. அதை எடுத்தவர் வேறொருவர். கணினி ஜீவன்கள் நம் உலகத்தில் 29 நிமிஷமே தரிக்க முடியும் என்று ஒரு விதியை அது வகுத்துக்கொண்டது. முந்தின படத்தின் குறை எங்கே இருந்தது என்பது யாருக்கோ புரிந்திருக்கிறது. ஆனால் ஸாமையும் குவோராவையும் ஓரங்கட்டிவிட்டதனால், விதி கிடைத்த சமயத்தில் யாருக்காகக் கவலைப்படுவது என்பது இல்லாமற் போயிற்று. அந்தப் படமும் பார்க்க அழகாகவே இருந்தது, கூட்டந்தான் வரவில்லை.

'லெகஸி'யில் ஒளிக்கப்பலில் பயணம் செய்துகொண்டிருக்கும்போது, தான் கண்டிராத சூரியன் எப்படியிருக்கும் என்று குவோரா கேட்கிறாள். இரண்டு மூன்று வார்த்தைகளில் ஸாம் ஏதோ சொல்லிப் பார்க்கிறான், சொல்லுக்கு அடங்கவில்லை. படத்தின் முடிவில், அவன் மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்து, மரங்கள் அடர்ந்த சாலையில் போகும்போது, விடியற்காலை வெயில் அவள் முகத்தில் விழுகிறது. அவள் கேட்டதை நாமும் கூடவே கேட்டிருந்தோம். ஆகையால் அவளோடு நாமும் காத்திருந்தோம். அந்த வெயிலை யாரும் சிரமப்பட்டு உண்டாக்கவில்லை. அது தினந்தோறும் வருகிற வெயில்தான்.